யார்க் க்ளிஃபோர்ட்ஸ் டவர்: நார்மன் மண்மேட்டுக் கோட்டை பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

இங்கிலாந்துல யார்க் போற நம்ம ஆளுங்க அநேகமா எல்லாரும் எடுக்குற போட்டோ ஒண்ணு இருக்கு. பச்சைப் பசேல்னு புல் மூடின கூம்பு மாதிரி ஒரு மேடு, அது தலையில வெளுத்துப்போன கல்லுல ஒரு கோபுரம், அடியில கார் பார்க்கிங். அதுதான் க்ளிஃபோர்ட்ஸ் டவர். போட்டோவை க்ரூப்ல போட்டதும் கேள்விகள் வரிசையா வரும், யார் கட்டினது, மலை மேல ஏன் இவ்ளோ சின்ன கோட்டை, உள்ள என்ன இருக்குன்னு. அந்தக் கேள்விகளை எல்லாம் ஒரே இடத்துல போட்டு பதில் எழுதியிருக்கேன். எனக்கு இந்த இடத்து மேல ரொம்ப ஈடுபாடு உண்டு, அதனால சில பதில் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

அது இயற்கையான குன்றா?

இல்ல. அடியில இருந்து உச்சி வரைக்கும் மனுஷன் கொட்டின மண்ணு. இப்போ சுமார் 15 மீட்டர் உயரம் இருக்கு. யார்க் நகரமே ஊஸ், ஃபாஸ்னு ரெண்டு ஆறு கூடுற சமவெளில இருக்குற ஊரு, அங்க இப்படி ஒரு கூம்புக் குன்று தானா இருக்க வாய்ப்பே இல்ல. நார்மன்கள் வந்து கட்டின மேடு இது. இந்த வகைக் கோட்டைக்கு மோட் அண்ட் பெய்லின்னு பேரு. மோட்னா இந்த மண்மேடு, அதுக்கு மேல ஒரு மரக் கோபுரம் நிக்கும். பெய்லின்னா மேட்டுக்குக் கீழ அகழி வெட்டி, மண்கரை போட்டு, மரத்தடியால வேலி கட்டின ஒரு பெரிய வளாகம், படைவீரங்க தங்குற இடம், குதிரை லாயம், சமையல்கட்டு, கொல்லன் பட்டறை, சின்னதா ஒரு சர்ச் எல்லாம் இந்த வளாகத்துக்குள்ள தான் இருக்கும். எதிரி வளாகத்துக்குள்ள புகுந்துட்டா எல்லாரும் மேட்டு மேல ஏறி கோபுரத்துக்குள்ள போய் கதவை சாத்திக்கணும், அதுதான் ஏற்பாடு.

நார்மன்கள்னா யாரு, யார்க்குக்கு ஏன் வந்தாங்க?

ஃப்ரான்ஸோட வடக்குக் கரையில நார்மண்டின்னு ஒரு பகுதி, அங்க இருந்து வந்தவங்க. 1066 அக்டோபர் 14-ம் தேதி ஹேஸ்டிங்ஸ் போர்ல இங்கிலீஷ் ராஜா ஹெரால்ட் செத்தாரு, நார்மண்டி டியூக் வில்லியம் அந்த வருஷ கிறிஸ்துமஸ் அன்னிக்கு வெஸ்ட்மின்ஸ்டர்ல முடி சூட்டிக்கிட்டாரு. ஸ்கூல் புக்ல கதை அதோட முடிஞ்சிடும், ஆனா நெஜத்துல அப்போதான் ஆரம்பம். வில்லியம் கூட வந்த ஆளுங்க ஒரு சில ஆயிரம் பேர், ஊருல இருந்த ஜனம் லட்சக்கணக்குல. அதுலயும் வடக்குப் பக்கம் அவரை ராஜாவாவே ஒத்துக்கல. யார்க் தான் வடக்குக்குத் தலைநகர் மாதிரி, டென்மார்க் ஆளுங்க பல காலம் ஆண்ட ஊரு, அங்க பாதிப் பேருக்கு டேனிஷ் ரத்தம் டேனிஷ் பேரு, அவங்க ஏன் ஃப்ரெஞ்சு பேசுற ஒருத்தனுக்குக் கட்டுப்படணும்?

1068-ல வடக்குல கலகம் கிளம்புச்சு. வில்லியம் படையோட மேல வந்தாரு, வர்ற வழியில வாரிக்ல ஒரு கோட்டை, நாட்டிங்ஹாம்ல ஒரு கோட்டை, அப்புறம் யார்க்ல ஒண்ணு, திரும்பிப் போறப்போ லிங்கன், ஹண்டிங்டன், கேம்ப்ரிட்ஜ்னு போட்டுக்கிட்டே போனாரு. ஒரே ஒரு படையெடுப்புல இத்தனை. போற ஊர்ல எல்லாம் ஒரு மேட்டைக் குவிச்சு, மேல ஆளை உக்கார வச்சுட்டுப் போறதுதான் அவரோட வழி.

ஏன் கல்லுல கட்டாம மண்ணுலயும் மரத்துலயும் கட்டினாங்க?

அவசரம். கல் கோட்டைன்னா குவாரி வேணும், சுண்ணாம்பு வேணும், கொத்தனார் வேணும், குளிர்காலத்துல சாந்து இறுகாது, வேலை வருஷக்கணக்கா இழுக்கும். மண்ணுக்கு மம்பட்டியும் ஆளும் இருந்தா போதும். அகழி வெட்டுற மண்ணே மேட்டுக்கு ஆகுது, பக்கத்துக் காட்டு மரமே வேலிக்கு ஆகுது. கொத்து வேலை தெரிஞ்சவன் ஒருத்தன் கூட வேணாம், ஊர்க்காரனையே புடிச்சு வெட்ட வைக்கலாம், அப்படித்தான் வச்சாங்க. தன்னை அடக்கி வைக்கப் போற மேட்டைத் தானே வெட்டிக் குவிக்கணும்னா அந்த மனுஷங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு ஒவ்வொரு தடவையும் எனக்குத் தோணும்.

பேயோ டேபஸ்ட்ரின்னு ஒரு நீளமான பூத்தையல் துணி இருக்கு, நார்மன் படையெடுப்பை அப்படியே படக்கதையா தச்சு வச்சது, அந்தக் காலத்துலயே செஞ்சது. அதுல ஹேஸ்டிங்ஸ்ல மேடு போடுற காட்சி ஒண்ணு வரும். கொஞ்சம் பெருசாக்கிப் பாருங்க, ஆளுங்க மம்பட்டியால மண்ணை வெட்டி மேல வீசுறாங்க, ஒரு ஓரத்துல ரெண்டு பேரு வேலைய விட்டுட்டு மம்பட்டியாலயே ஒருத்தன் மண்டையில ஒருத்தன் அடிச்சுக்கிறான். மேட்டு உள்பக்கம் கலர் கலரா பட்டை பட்டையா தச்சிருக்காங்க. அது வெறும் அழகுக்குன்னு நெனச்சா, பல எடத்துல தோண்டிப் பாத்தப்போ நெஜமாவே மேடு அப்படித்தான் அடுக்கடுக்கா இருந்துச்சு.

வெறும் மண்ணு எப்படி 950 வருஷம் நிக்குது? மழையில கரையாதா?

அந்த அடுக்கு தான் காரணம். ஒரே மண்ணைக் கொட்டிக் குவிச்சா சரிஞ்சிடும். ஒரு அடுக்கு மண்ணு, அதுக்கு மேல ஒரு அடுக்கு சரளையோ களிமண்ணோ, நல்லா இடிச்சு கெட்டிப் படுத்தி, மறுபடி மண்ணுன்னு ஏத்திக்கிட்டே போவாங்க. சரளை அடுக்கு தண்ணியை வடிய விடும், களிமண் தண்ணி எறங்காம தடுக்கும். சில மேட்டுக்கு வெளிப்பக்கம் முழுக்க களிமண் பூசியிருப்பாங்க, எதிரிக்குக் கால் வழுக்கும், மழைக்கும் பாதுகாப்பு. புல் வேர் புடிச்சுட்டா சரிவும் கட்டுப்படும்.

ஆனா நிக்குதுன்னு சொல்றதுலயும் ஒரு விஷயம் இருக்கு. இப்போ நீங்க பாக்குற மேடு 1068-ல இருந்த அளவு கெடையாது. 1902 வாக்குல அஸ்திவாரத்தைப் பலப்படுத்த மேட்டைத் தோண்டுனப்போ, உச்சியில இருந்து சில மீட்டர் ஆழத்துல கருகின மரக்கட்டை கெடைச்சுது. அதாவது பழைய மேடு இன்னும் குட்டை, அது மேல இருந்த மரக் கட்டடம் எரிஞ்ச பிறகு அதே சாம்பல் மேல இன்னும் மண்ணைப் போட்டு ஒசத்தியிருக்காங்க.

எட்டே நாள்ல கட்டினாங்கன்னு நெட்ல போட்டிருக்கே, உண்மையா?

இது பாதி சரி. ஆர்டெரிக் விட்டாலிஸ்னு ஒரு துறவி 12-ம் நூற்றாண்டுல எழுதி வச்சதுல இருந்து வந்த கணக்கு இது. 1069 ஆரம்பத்துல யார்க்ல கோட்டைத் தளபதி ராபர்ட் ஃபிட்ஸ்ரிச்சர்டையும் அவர் ஆளுங்களையும் ஊர்க்காரங்க கொன்னுட்டாங்க, வில்லியம் வேகமா வந்து கலகத்தை அடக்கினாரு, ஊர்ல எட்டு நாள் தங்கினாரு, ரெண்டாவதா ஒரு கோட்டையைப் போட்டாருன்னு அதுல இருக்கு. எட்டு நாள்ல ஆயிரக்கணக்குல ஆள் வச்சு அகழி வெட்டி, வேலி கட்டி, ஒரு சின்ன மேட்டைக் குவிக்க முடியும். இப்போ நிக்குற அளவுக்குப் பெரிய மேட்டை, இடிச்சு இடிச்சு அடுக்கி, மேல கோபுரமும் கட்டி முடிக்க முடியாது. அந்த எட்டு நாள்ல ஆரம்பிச்சு படை உள்ள உக்கார்ற நெலமைக்குக் கொண்டு வந்திருப்பாங்க, மீதியை அப்புறம் முடிச்சிருப்பாங்க, அப்படி எடுத்துக்குறதுதான் நியாயம். இன்னொண்ணு, அந்த எட்டு நாள் ரெண்டாவது கோட்டையைப் பத்தினது, போட்டோ எடுக்குற க்ளிஃபோர்ட்ஸ் டவர் மேடு தான் மொதல் கோட்டைன்னு பொதுவா சொல்றாங்க.

ரெண்டாவது கோட்டையா? அது எங்க?

பெய்ல் ஹில். ஊஸ் ஆத்துக்கு அந்தப் பக்கம், ஸ்கெல்டர்கேட் பாலத்தைத் தாண்டுனா நகர மதில் ஓரமா மரம் மண்டிப் போய் ஒரு மேடு நிக்கும், டிக்கெட் இல்ல, கூட்டம் இல்ல, பாதிப் பேரு அது என்னன்னே தெரியாம கடந்து போவாங்க. ஆத்தோட ரெண்டு கரையிலயும் கரைக்கு ஒரு மேடு வச்சு, நடுவுல எந்தப் படகும் தப்பிப் போகாம பாத்துக்குறதுதான் திட்டம். க்ளிஃபோர்ட்ஸ் டவர் மேல கல் கோபுரம் ஏறுச்சு, பெய்ல் ஹில்லை அப்படியே விட்டுட்டாங்க. மண் கோட்டை மண் கோட்டையாவே எப்படி இருக்கும்னு பாக்கணும்னா அங்கதான் போகணும், யார்க் போறவங்க கிட்ட நான் மொதல்ல சொல்றது இதைத்தான்.

கோட்டை கட்டின இடத்துல அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?

வீடு. ஜனங்க குடியிருந்த தெரு. இதைத்தான் கோட்டை பத்திப் பேசுறவங்க ஒரு வரியில தாண்டிப் போயிடுறாங்க, எனக்கு அது தாங்காது. 1086-ல வில்லியம் நாடு முழுக்க எடுத்த கணக்கு, டூம்ஸ்டே புக், அதுலயே எழுதியிருக்கு. யார்க் நகரம் மொத்தம் ஏழு பகுதியா இருந்துச்சு, ஆர்ச்பிஷப்போட பகுதியும் சேத்து. அதுல ஒண்ணு கோட்டைகளுக்காக அழிக்கப்பட்டதுன்னு அரசாங்கக் கணக்கே ஒத்துக்குது. ஊருல ஏழுல ஒரு பங்கு! நஷ்ட ஈடு கொடுத்ததா ஒரு பேச்சும் இல்ல.

அதோட விடல. மேட்டைச் சுத்தி அகழியில தண்ணி நிக்கணும்னு ஃபாஸ் ஆத்துக்குக் குறுக்க அணை கட்டினாங்க, தண்ணி தேங்கி பெரிய ஏரி ஆகிடுச்சு, ராஜாவோட குளம்னு பேரு வச்சாங்க. அந்த ஏரியில ரெண்டு புது மாவு மில் போச்சு, வயல், புல்வெளி, தோட்டம்னு கிட்டத்தட்ட ஒரு பெரிய குடும்பம் பொழைக்குற அளவு நெலம் முங்கிப் போச்சு, அதுவும் அதே கணக்குப் புத்தகத்துல இருக்கு. ராஜாவுக்கு வர்ற வரியில எவ்ளோ குறைஞ்சுதுன்னு தெரிஞ்சுக்கத்தான் எழுதினாங்க, ஆனா அந்த ரெண்டு வரி இல்லன்னா அந்த ஜனங்களைப் பத்தி நமக்கு ஒரு தடயமும் இருந்திருக்காது.

இவ்ளோ பண்ணியும் கோட்டை ஊரைக் காப்பாத்துச்சா?

மொதல் கோட்டை கட்டி ஒரு வருஷம் சொச்சம் தான், ரெண்டாவது கட்டி ஒரு வருஷம் கூட ஆகல, ரெண்டும் விழுந்துடுச்சு. 1069 இலையுதிர் காலத்துல டென்மார்க் ராஜாவோட கப்பல் படை, 240 கப்பல்னு ஒரு கணக்கு, ஹம்பர் முகத்துவாரம் வழியா உள்ள வந்துச்சு. வடக்குல இருந்த இங்கிலீஷ் பிரபுக்களும் சேந்துக்கிட்டாங்க. கோட்டைக்குள்ள இருந்த நார்மன்கள் பயந்து போய், எதிரி பக்கத்து வீடுகளை இடிச்சு அகழியைத் தூத்துடுவான்னு செப்டம்பர் 19-ம் தேதி அந்த வீடுகளுக்கு அவங்களே தீ வச்சாங்க. தீ கை மீறிப் போச்சு, ஊரே எரிஞ்சுது, யார்க் மின்ஸ்டர் கத்தீட்ரலும் சேந்து எரிஞ்சுது. அடுத்த ரெண்டு நாள்ல டேனிஷ் படை வந்து ரெண்டு கோட்டையையும் புடிச்சு ஒடைச்சுப் போட்டாங்க, உள்ள இருந்தவங்கள்ல பெரும்பாலானவங்களைக் கொன்னாங்க, ராஜாவோட மாவட்ட அதிகாரியான ஷெரிஃப் வில்லியம் மாலெட்டையும் அவர் பொண்டாட்டி புள்ளைங்களையும் பணயமா கொண்டு போனாங்க.

வில்லியம் வந்தப்போ டேனிஷ் படை கப்பலுக்குப் போயிடுச்சு. காசு கொடுத்து அவங்களை ஒதுங்க வச்சாரு, எரிஞ்ச யார்க்லயே கிறிஸ்துமஸ் கொண்டாடினாரு, அப்புறம் தான் அந்தக் கொடுமை. 1069-70 குளிர்காலம் முழுக்க படையைச் சின்னச் சின்ன கூட்டமா பிரிச்சு யார்க்ஷயர் கிராமங்களுக்கு அனுப்பி, வீடு, தானியம், ஏர், மாடு எதையும் விடாம எரிக்கவும் அழிக்கவும் வச்சாரு. சண்டையில செத்தவங்களை விட பட்டினியில செத்தவங்க அதிகம். 16 வருஷம் கழிச்சு எடுத்த டூம்ஸ்டே கணக்குலயும் யார்க்ஷயர்ல ஊர் ஊரா "பாழ்"னு தான் எழுதியிருக்கு. வில்லியமைப் பல விஷயத்துல புகழ்ந்து எழுதின அதே ஆர்டெரிக், இந்த ஒண்ணை மட்டும் மன்னிக்கவே முடியாதுன்னு எழுதி வச்சாரு. கோட்டை ரெண்டையும் திரும்ப எழுப்பினாங்க, அதுக்கப்புறம் யார்க் கலகத்துக்கு எந்திரிக்கல. அந்த அமைதி வந்ததுக்குக் காரணம் மேடு இல்ல, பஞ்சம்.

1190-ல அங்க என்ன நடந்துச்சு? யூதர்கள் பத்தி ஒரு பலகை இருக்கே.

இதை மெதுவா படிங்க, சின்னப் புள்ளைங்க பக்கத்துல இருந்தா அப்புறமா படிங்க.

12-ம் நூற்றாண்டுல யார்க்ல ஒரு யூத சமூகம் நல்லா வாழ்ந்துச்சு. அந்தக் காலத்துல கிறிஸ்தவங்க வட்டிக்குக் கடன் கொடுக்க சர்ச் தடை போட்டிருந்துச்சு, அதனால கடன் கொடுக்குற தொழில்ல யூதர்கள் இருந்தாங்க, அவங்க ராஜாவோட நேரடிப் பாதுகாப்புல இருந்தாங்க, ராஜாவும் அவங்க கிட்ட இருந்து வரியா நெறைய கறந்தாரு. 1189 செப்டம்பர்ல மொதலாம் ரிச்சர்ட் முடி சூட்டுறப்போ யார்க்ல இருந்து ஜோஸ், பெனடிக்ட்னு ரெண்டு பெரிய மனுஷங்க மரியாதை செலுத்த லண்டன் போனாங்க. அங்க கலவரம் வெடிச்சுது. பெனடிக்ட்டை அடிச்சு கட்டாயமா ஞானஸ்நானம் பண்ணி வச்சாங்க, ஊர் திரும்புற வழியில நார்த்தாம்ப்டன்ல காயத்தாலயே செத்துப் போனாரு. ரிச்சர்ட் சிலுவைப் போருக்குக் கிளம்பி நாட்டை விட்டுப் போயிட்டாரு, அப்புறம் நார்விச், ஸ்டாம்ஃபோர்ட்னு ஊர் ஊரா தாக்குதல் பரவுச்சு.

மார்ச் மாசம் யார்க்ல பெனடிக்ட்டோட வீட்டுக்குள்ள புகுந்து அவர் விதவையையும் புள்ளைங்களையும் கொன்னு, கொள்ளையடிச்சு, வீட்டை எரிச்சாங்க. மத்த யூதக் குடும்பங்கள் ஜோஸ் தலைமையில ராஜாவோட கோட்டைக்கு ஓடினாங்க, ராஜாவோட பாதுகாப்பு அங்கதானே. மேட்டு மேல இருந்த மரக் கோபுரத்துக்குள்ள அவங்களை விட்டாங்க. கோட்டை அதிகாரி ஏதோ வேலையா வெளிய போனாரு, திரும்பி வந்தா காட்டிக் கொடுத்துடுவாரோன்னு பயந்து உள்ள இருந்தவங்க கதவைத் தொறக்கல. அவரு ஷெரிஃப் கிட்ட போனாரு, ஷெரிஃப் படையைக் கூட்டினாரு, படையோட ஊர்க் கும்பலும் சேந்துக்கிச்சு, அதுக்கப்புறம் யாராலயும் தடுக்க முடியல. கும்பலை முன்ன நின்னு நடத்தினவங்க சாதாரண ஜனம் இல்ல, ரிச்சர்ட் மாலெபிஸ் மாதிரி நெலபுலம் உள்ள ஆளுங்க, யூதர்கள் கிட்ட தலைக்கு மேல கடன் வாங்கினவங்க.

மார்ச் 16, வெள்ளி ராத்திரி, பாஸ்கா பண்டிகைக்கு முந்தின ஓய்வு நாள் ஆரம்பிக்குற நேரம். முற்றுகை எந்திரம் வந்து நிக்குது, இனி தப்பிக்க முடியாதுன்னு ஆகிப்போச்சு. ஃப்ரான்ஸ்ல இருந்து வந்திருந்த ரப்பி (யூத மதகுரு) யோம் டோவ், கவிஞரும் அறிஞரும், கும்பல் கையில சாகுறதை விட நாமே உயிரை விட்டுடலாம்னு சொன்னாரு. குடும்பத் தலைவங்க பொண்டாட்டி புள்ளைங்களைக் கொன்னு தாங்களும் செத்தாங்க, கோபுரத்துக்குத் தீ வச்சாங்க. சுமார் 150 பேர் அந்த மேட்டு மேல செத்தாங்கன்னு கணக்கு. மிச்சம் இருந்த சில பேர் கிட்ட, மதம் மாறினா உயிரோட விடுறோம்னு கும்பல் சொன்னுச்சு, நம்பி வெளிய வந்தவங்களையும் வெட்டிப் போட்டாங்க. அங்க இருந்து கும்பல் நேரா மின்ஸ்டருக்குப் போச்சு, அங்க பத்திரமா வச்சிருந்த கடன் பத்திரங்களை எல்லாம் வாங்கி சர்ச் நடுவுலயே போட்டு எரிச்சுது. எதுக்காக இது நடந்துச்சுன்னு அந்த ஒரு காரியமே சொல்லிடும்.

நாட்டைப் பாத்துக்கிட்ட வில்லியம் லாங்சாம்ப் யார்க் வந்தாரு, ஷெரிஃபைப் பதவியில இருந்து தூக்கினாரு, ஊருக்கு அபராதம் போட்டாரு. தலைவனுங்க ஓடிப்போயிருந்தாங்க. கொலைக்காக ஒருத்தன் கூட தூக்குல ஏறல. 1194-ல அரசாங்கம் ஒரு விதி கொண்டு வந்துச்சு, யூதர்களோட கடன் பத்திரத்துக்கு எல்லாம் நகல் எடுத்து அரசாங்கப் பெட்டியில வைக்கணும்னு. அடுத்த தடவை கடன் கணக்கு அழியக் கூடாது, ராஜாவுக்கு வரவேண்டிய பங்கு போகக் கூடாது, அதுதான் கவலை. அப்புறம் யார்க்ல மறுபடி யூதர்கள் குடியேறினாங்க, 1290-ல மொதலாம் எட்வர்ட் நாட்டை விட்டே எல்லாரையும் வெளியேத்தினாரு.

நீங்க சொல்ற நினைவுப் பலகை மேட்டு அடியில இருக்கு, 1978-ல தான் வச்சாங்க. எத்தனையோ நூற்றாண்டா ஒரு எழுத்து கூட இல்லாம இருந்துச்சு. வசந்த காலத்துல மேடு முழுக்க மஞ்சளா டாஃபோடில் பூக்கும், அந்தப் பூவுக்கு ஆறு இதழ், தாவீது நட்சத்திரத்துக்கு ஆறு முனை, அதை மனசுல வச்சு நட்டது.

உள்சுவர்ல செவந்த கல் இருக்கே, அது அந்தத் தீயோட அடையாளமா?

நெறைய பேர் அப்படித்தான் சொல்லிக் காட்டுவாங்க, தப்பு. 1190-ல எரிஞ்சது மரக் கோபுரம், இப்போ இருக்குற கல் சுவர் அதுக்கு அரை நூற்றாண்டுக்கு அப்புறம் வந்தது. அந்தச் செவப்பு 1684 தீயில வந்தது. சுண்ணாம்புக் கல் அதிகச் சூடு பட்டா இப்படி ரோஸ் கலரா மாறும்.

அப்போ கல் கோபுரம் யார் கட்டினது?

1190-க்கு அப்புறம் மேட்டை ஒசத்தி மறுபடி மரத்துலயே கட்டினாங்க, அது 1228-ல ஒரு பெரும் காத்துல விழுந்துச்சு. மூணாம் ஹென்றி 1244-ல யார்க் வந்தாரு, ஸ்காட்லாந்து பயம் இருந்துச்சு, கல்லுல கட்டுங்கன்னு உத்தரவு போட்டாரு. 1245-ல வேலை ஆரம்பம். வெஸ்ட்மின்ஸ்டர் அபே வேலையைப் பாத்த தலைமைக் கொத்தனார் ஹென்றி டி ரெய்ன்ஸையும் ஒரு தலைமைத் தச்சரையும் இடத்தைப் பாக்க அனுப்பினாங்க. டாட்காஸ்டர் பக்கத்து வெள்ளைச் சுண்ணாம்புக் கல். மேல இருந்து பாத்தா நாலு இதழ் பூ மாதிரி வடிவம், இங்கிலாந்துல வேற எங்கயும் இல்ல, ஃப்ரான்ஸ்ல எட்டாம்ப்ஸ்ங்கிற ஊர்ல தான் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. வாசலுக்கு மேல சின்னதா ஒரு சேப்பல், அதுக்குள்ளயே கதவுக் கிராதியைத் தூக்குற பொறியும் இருந்துச்சு, சாமி கும்புடுற எடமும் காவல் எடமும் ஒண்ணு.

1298-ல இருந்து 1304 வரைக்கும் ஸ்காட்லாந்து போருக்காக மொதலாம் எட்வர்ட் அரசாங்கத்தோட நிதித் துறையையும் கோர்ட்டையும் லண்டன்ல இருந்து யார்க்குக்கே மாத்தினாரு, அந்த ஆறு வருஷம் இங்கிலாந்தோட தலைநகர் யார்க்னே சொல்லலாம்.

சுவர் ஒரு பக்கம் சாஞ்சு விரிசல் விட்டிருக்கே?

மண்மேட்டு மேல இவ்ளோ கனமான கல்லை ஏத்துனா வர்ற வினை. மரக் கோபுரத்தைத் தாங்கின மண்ணு கல்லைத் தாங்கல, கீழ அகழித் தண்ணி வேற ஊறிக்கிட்டே இருந்துச்சு. 1360 வாக்குலயே மேல இருந்து கீழ வரைக்கும் ரெண்டு எடத்துல பொளந்துடுச்சுன்னு அதிகாரிங்க எழுதியிருக்காங்க. 1902-ல தான் அடியில ஒழுங்கா முட்டுக் கொடுத்தாங்க. மத்த ஊர்ல இதுக்காகவே உச்சியில கனமான கோபுரம் வைக்காம, விளிம்பைச் சுத்தி மட்டும் வளையமா கல் சுவர் எடுத்தாங்க, கார்டிஃப், டாட்னஸ்ல அதைப் பாக்கலாம்.

க்ளிஃபோர்ட் யாரு?

1322-ல பரோபிரிட்ஜ் சண்டையில தோத்த கலகக்காரப் பிரபு ரோஜர் டி க்ளிஃபோர்டை யார்க்ல தூக்குல போட்டாங்க, அதனால வந்த பேருன்னு ஒரு பக்கம். கோட்டைப் பொறுப்பு எங்க குடும்பப் பரம்பரைச் சொத்துன்னு க்ளிஃபோர்ட் குடும்பம் சொல்லிக்கிட்டதால வந்துச்சுன்னு இன்னொரு பக்கம். பேரு எழுத்துல வர்றது 1596-ல தான், அது வரைக்கும் ராஜா கோபுரம். தூக்குன்னா இன்னொருத்தரையும் சொல்லணும், ராபர்ட் ஆஸ்க். எட்டாம் ஹென்றி மடங்களை மூடினப்போ வடக்கு ஜனங்களைத் திரட்டி எதிர்த்த வக்கீல், 1537 ஜூலையில சங்கிலியில கட்டி இங்க தொங்க விட்டாங்க.

கூரை எப்போ போச்சு?

1684 ஏப்ரல் 23 ராத்திரி தீப்புடிச்சு உள்ள இருந்த எல்லாம் சாம்பல். அப்போ அங்க ஒரு காவல்படை இருந்துச்சு, ஊர்க்காரங்களுக்கு அவங்களைப் புடிக்காது, கோபுரத்தை இடிக்கணும்னு சொல்லி விருந்துல கோப்பை தூக்குற பழக்கமே இருந்துச்சு, அதனால வேணும்னே வச்ச தீன்னு அப்போவே பேச்சு. அதுக்கு முன்னாடி 1590-கள்ல ராபர்ட் ரெட்ஹெட்னு ஒரு ஜெயிலர் கோபுரத்துக் கல்லைப் பேத்து சுண்ணாம்புக்கு வித்துக்கிட்டு இருந்தான், நகர மன்றம் சத்தம் போட்டதால நின்னுச்சு. தீக்கு அப்புறம் ஒரு தனியார் வீட்டுத் தோட்டத்துக்கு அலங்காரமா கெடந்துச்சு.

கீழ இருந்த பெய்லி வளாகம் ஜெயிலும் கோர்ட்டுமா மாறுச்சு. நெடுஞ்சாலைக் கொள்ளைக்காரன் டிக் டர்பின் 1739-ல தூக்குக்குப் போறதுக்கு முன்னாடி அங்கதான் அடைபட்டிருந்தான். 1825-ல கோபுரத்தையும் வாங்கி ஜெயிலோட சேத்தாங்க, மேட்டு அடியைச் செதுக்கி ஒரு பெரிய மதில் எழுப்பினாங்க, 1935-ல அதை இடிச்சு மேட்டைப் பழைய சரிவுக்குக் கொண்டு வந்தாங்க. பழைய ஜெயில் கட்டடங்கள்ல தான் 1938-ல இருந்து கேஸில் மியூசியம் நடக்குது.

இப்போ போனா உள்ள என்ன பாக்கலாம்? ஏறுறது கஷ்டமா?

செங்குத்தான கல் படிக்கட்டு, முட்டி வலி இருக்குறவங்க நின்னு நின்னு ஏறணும், வீல்சேர் போகாது. பழைய சின்னங்களைப் பாத்துக்குற இங்கிலிஷ் ஹெரிடேஜ்ங்கிற அமைப்பு பராமரிக்குறாங்க. 2022 ஏப்ரல்ல பெரிய வேலை முடிச்சுத் தொறந்தாங்க, பழைய சுவர் மேல பாரம் ஏத்தாம உள்ள தனியா மரத் தூண் நிறுத்தி, அது மேல மரத்தாலயே கூரைத் தளம் போட்டிருக்காங்க. தீக்கு அப்புறம் யாருமே போக முடியாம இருந்த மேல்தளத்து அறைகளுக்கு இப்போ தொங்கு நடைபாதை இருக்கு, மூணாம் ஹென்றிக்காகக் கட்டின கழிப்பறை உட்பட. எனக்கு அந்த மரக் கூரை ரொம்பப் புடிச்சிருக்கு, இந்த மேட்டோட மொத வாழ்க்கை மரத்துல தானே. இதுக்கு முன்னாடி மேட்டு அடியையே வெட்டி பார்வையாளர் மையம் கட்டுற ஒரு திட்டம் இருந்துச்சு, ஊர்க்காரங்க எதிர்த்து கோர்ட் வரைக்கும் போய் 2018-ல கைவிட்டாங்க, அது ரொம்ப நல்ல காரியம்.

கூரைத் தளத்துல நின்னா ஒரு பக்கம் மின்ஸ்டர், இன்னொரு பக்கம் ஊஸ். ஆத்துக்கு அந்தப் பக்கம் மரக் கூட்டத்துல பெய்ல் ஹில் எங்கன்னு தேடுங்க.

இதே மாதிரி வேற எங்க பாக்கலாம்?

இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டுலயும் பல நூறு இருக்கு. யார்க்ல இருந்து போகுற தூரத்துல பிக்கரிங், அங்க மேடு, உள் வளாகம், வெளி வளாகம் மூணும் தெளிவா தெரியும். தெட்ஃபோர்ட்ல 20 மீட்டருக்கு மேல ஒசந்த மேடு, மேல ஒண்ணுமே இல்லாம வெறும் புல்லோட. லண்டன் பக்கம்னா பெர்க்காம்ஸ்டெட், ரயில் ஸ்டேஷன் பக்கத்துலயே. விண்ட்சர் அரண்மனை நடுவுல இருக்குற வட்டக் கோபுரம் நிக்குறதும் வில்லியம் போட்ட மண்மேட்டு மேல தான், ஆனா மோட் அண்ட் பெய்லி எப்படி இருந்துச்சுன்னு புரியணும்னா பிக்கரிங் போங்க.